கேதரீனின் நீள்விரல்

பிப்ரவரி 8, 2025, சனி

இங்கிலாந்தின் லூட்டனில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பழைய பொருள் கடையில் 'மாஸ்கரேட்' கிடைத்தது. கிட் வில்லியம்ஸ் எழுதி வரைந்த புத்தகம், 1979இல் வெளிவந்தது. மொத்தம் 15 ஓவியங்கள். நிலா சூரியனுக்கு ஒரு நகையை முயலிடம் கொடுத்தனுப்புகிறாள். முயல் வழியில் தொலைத்துவிடுகிறது. நிலாவில் முயலைக் காட்டித்தான் எனக்குச் சோறூட்டினார்கள், அதனால் கதை முதல் பக்கத்திலேயே பிடித்துப்போயிற்று.

அந்த நகையை ஓவியர் நிஜமாகவே செய்தார். 18 காரட் தங்க முயல். அதைச் சுட்ட மண்பெட்டிக்குள் வைத்து இங்கிலாந்தில் எங்கோ புதைத்தார். உலோகம் தேடும் கருவி வைத்துக்கொண்டு யாரும் தோண்டிவிடக் கூடாது என்றுதான் மண்பெட்டி. எங்கே என்பது படங்களுக்குள் இருக்கிறது. முயல் எப்போதோ வெளியே வந்துவிட்டது, விடையும் இணையத்தில் கிடைக்கும். ஆனால் பார்க்கப் போவதில்லை.

பிப்ரவரி 13

ஒவ்வொரு படத்தைச் சுற்றியும் சட்டம் போல எழுத்துகள் ஓடுகின்றன. ஒன்றுவிட்டு ஒன்று, தலைகீழ், மூலையிலிருந்து மூலை என்று எழுதிப் பார்த்தேன். ஐந்து இரவுகள் போயின, ஒரு சொல்கூடத் தேறவில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

மகள் என் தோளில் சாய்ந்து படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, இவங்க எல்லாரும் ஏன் விரலை இப்படி நீட்டிக்கிட்டே இருக்காங்க?" என்றாள்.

உடனே தொடக்கப் பாட்டைத் திருப்பிப் பார்த்தேன். புதிரை அவிழ்க்கக் கண்களைப் பயன்படுத்து என்கிறது. கவனமாகப் பார் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். கண்ணிலிருந்து விரல் வழியாக ஒரு கோடு போட்டால்?

பிப்ரவரி 23, ஞாயிறு

சரியாக வருகிறது! இடது கண்ணிலிருந்து இடது கையின் மிக நீளமான விரல் வழியாக ஓரத்துக்கு ஒரு கோடு. அதே கண்ணிலிருந்து இடது காலின் நீளமான விரலுக்கு இன்னொன்று. அப்புறம் வலது பக்கமும் அப்படியே. கண்ணும் விரலும் தெரிகிற உயிர்களுக்கு மட்டும். கோடு போய் முட்டுகிற எழுத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். எந்த வரிசையில் எடுப்பது என்பதற்கு நியூட்டன் இருக்கும் படத்தில் குறிப்பு இருக்கிறது.

முதலில் தையல் நூலை இழுத்துப் பிடித்தேன். நூலின் தடிமனே இரண்டு எழுத்துகளுக்கு நடுவில் விழுந்தது. மகளின் கண்ணாடி ஸ்கேலை வாங்கி, அதன் அடியில் ஊசியால் மெல்லிய கீறல் ஒன்று போட்டுக்கொண்டேன். கீறலைக் கண்மணியின் நடுவில் நிறுத்தி, நகத்தின் நுனியைத் தொடவைத்தால் எழுத்தில் சந்தேகமே வராது. முதல் படத்தில் வந்த சொல் 'கேதரீன்ஸ்'.

மார்ச் 1, சனி

பதினைந்து படங்களும் முடிந்தன. சேர்த்துத் தமிழில் சொன்னால்: கேதரீனின் நீள்விரல் மண்ணில் நிழல் விழுத்தும் இடத்தில் மஞ்சள் தாயத்து புதைந்திருக்கிறது, சம இரவு நாளின் ஒளியில் நண்பகல் நேரத்தைக் காட்டும், பார். சம இரவு நாள் என்றால் பகலும் இரவும் ஏறக்குறைய சமமாக இருக்கும் நாள்.

எந்தக் கேதரீன்? படவாரியாக ஆங்கிலச் சொற்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி முதலெழுத்துகளை மேலிருந்து கீழே படித்தேன். 'க்ளோஸ் பை ஆம்ப்தில்'. ஆம்ப்தில்லுக்கு அருகில்! இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றியின் முதல் மனைவி கேதரீன் தங்கவைக்கப்பட்ட ஊர். அவர் நினைவாக 1773இல் எழுப்பிய கல்சிலுவை அங்கே பூங்காவில் நிற்கிறது. எங்கள் வீட்டிலிருந்து காரில் அரை மணி நேரம். இரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

மார்ச் 2

இனிப் படிக்கலாம் என்று மீதிக் கதையைப் படித்தேன். மனம் கனத்துவிட்டது. மைக் பார்க்கர், ஜான் ரூசோ என்ற இரண்டு இயற்பியல் ஆசிரியர்கள் இதே வழியில் முழு விடையையும் கண்டுபிடித்து, 1982இல் அங்கே போய்த் தோண்டியிருக்கிறார்கள். மண்பெட்டி அவர்கள் அள்ளிப்போட்ட மண்ணோடு வெளியே வந்தும் கண்ணில் படவில்லை. கென் தாமஸ் என்ற பெயரில் வந்த ஒருவர் அந்த மண்குவியலிலிருந்து அதை எடுத்தார் என்றே தெரிகிறது. பரிசு அவருக்குப் போனது. அவர் புதிரை அவிழ்க்கவே இல்லை, ஓவியரோடு முன்பு வாழ்ந்த பெண் வழியாகத்தான் இடம் கசிந்தது என்று 1988 டிசம்பரில் சண்டே டைம்ஸ் வெளியிட்டது. அந்த மாதமே சோதபீஸ் ஏலத்தில் முயல் 31,900 பவுண்டுக்கு விலைபோனது.

என்னைப் பொறுத்தவரை இது அந்த இரண்டு ஆசிரியர்களின் முயல்தான்.

மார்ச் 20, வியாழன்

இன்று சம இரவு நாள். ஆம்ப்தில் போக விடுப்பு எடுத்துக்கொண்டேன். மகளுக்குப் பள்ளி, வர முடியவில்லை. கீறல் போட்ட ஸ்கேலைக் கையில் கொடுத்தனுப்பினாள். நல்ல வெயில், குளிருக்குக் கோட் போட வேண்டியிருக்கவில்லை.

கடிகாரத்தின் 12 மணி அல்ல, சூரியனின் நண்பகல்தான் கணக்கு. இன்று இங்கே அது ஏறக்குறைய 12.10. சூரியன் 38 பாகை உயரத்தில் நிற்கும்; தரை சமமாக இருந்தால் நிழல் சிலுவையின் உயரத்தைப் போல 1.28 மடங்கு, நேர் வடக்கே.

12 மணிக்கே போய் நின்றேன். நிழலின் முனை கோடு கிழித்தது போல இருக்கும் என்று எண்ணியிருந்தேன். அப்படி இல்லை, ஓரம் கலங்கிப் புல்லில் கரைந்தது. எது நுனி என்று சொல்ல முடியாத அந்த மங்கலுக்குள்தான் அவர்கள் இருவரும் மண்வெட்டியை இறக்கியிருக்க வேண்டும்.

12.10க்கு மண்டியிட்டு, ஸ்கேலைப் புல்லின் மேல் வைத்தேன். நிழல் அதன் மேல் ஏறி, மெல்லக் கிழக்கே நகர்ந்து, இறங்கிப் போயிற்று.