அப்பாவின் பழுப்பு ஜக்கு

சிங்கப்பூரின் சுங்கை ரோடு பழம்பொருள் சந்தையை 2017 ஜூலையில் மூடினார்கள். அதற்குப் பல வருடங்களுக்கு முன்பே அப்பா அங்கே வாங்கிய ஜக்கு, இப்போது தோ பாயோவில் என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. மேல்பாதி கரும்பழுப்பு, கீழ்ப்பாதி மணல் நிறம். உடலைச் சுற்றிலும் காற்றாலை, வேட்டைநாய்கள், குடித்துக்கொண்டிருக்கும் மனிதர்கள். தனி அச்சுகளில் மண்ணை அழுத்தி எடுத்து, குழைமண்ணால் ஒட்டிய உருவங்கள் இவை.

அடியில் 'டவுல்ட்டன் லாம்பெத் இங்கிலாந்து' என்ற முத்திரை. டவுல்ட்டன் மட்பாண்ட நிறுவனம்; லாம்பெத் அதன் ஆலை இருந்த இடம். நாட்டின் பெயர் இருப்பதால் இது 1891க்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு குறைவு. அமெரிக்கா தன் இறக்குமதிச் சட்டத்தில் அதைக் கேட்ட பிறகுதான் முத்திரைகளில் அந்தச் சொல் வழக்கமானது. லண்டனில் லாம்பெத் ஆலை 1956இல் மூடப்பட்டது; எனவே அதற்குப் பிந்தியதாகவும் இருக்காது.

எனக்கு மிகவும் பிடித்தது இதன் மெருகு. சூளை 1200 டிகிரியைத் தொடும்போது உள்ளே சாதாரண உப்பைப் போடுவார்கள். உப்பு ஆவியாகி, அதிலுள்ள சோடியம் களிமண்ணின் சிலிக்காவோடு சேர்ந்து கண்ணாடிப் படலமாகிவிடும். தடவினால் ஆரஞ்சுத் தோல் போலச் சொரசொரப்பு தெரியும். அம்மாவின் ஊறுகாய் ஜாடியும் இதைப் போல ஸ்டோன்வேர்தான் (அதிக வெப்பத்தில் சுட்ட கெட்டியான மண்பாண்டம்), ஆனால் அது வழவழ.

அப்புறம் ஜூரோங்கில், 1940இல் கட்டிய தாவ் குவாங் டிராகன் சூளைக்குப் போனேன்; சரிவில் டிராகன் போல நீளமாகக் கிடக்கும் சூளை. அங்கே விறகு; பறக்கும் சாம்பலே பானைமேல் படிந்து உருகி மெருகாகிறது. ஜக்கைக் கூடவே கொண்டுபோயிருக்கலாம். விளிம்பில் ஒரு கீறல் இருப்பதால் வெளியே எடுக்கப் பயம்.