துடிக்கும் சதையும் துணைக்கு வரும் பயமும்

நரம்பியல் பிரிவில் ஈ.எம்.ஜி. பரிசோதனை அறையில் டெக்னீஷியனாக இருக்கிறேன். தசைக்குள் மெல்லிய ஊசியைச் செலுத்தி, அங்கே நடக்கும் மின் அசைவுகளை டாக்டர் திரையில் பார்ப்பார், ஸ்பீக்கரில் கேட்பார். நோயாளியைத் தயார்செய்வதும் இயந்திரத்தைக் கவனிப்பதும் என் வேலை.

சதை துடிக்கிறது என்று வருகிறவர்களில் இளைஞர்கள் நிறைய. இரவு ஷிப்ட், அரைத் தூக்கம், கணக்கில்லாத காபி. கண் துடிப்பதற்கு வீட்டில் பலன் சொல்லியிருப்பார்கள். கெண்டைக்கால் துடித்தால் நரம்புத் தளர்ச்சி என்று டானிக் வாங்கித் தந்திருப்பார்கள். இவர்களோ நள்ளிரவில் கைபேசியில் தேடி, தசைகளை இயக்கும் நரம்புகள் மெல்ல அழியும் ஏ.எல்.எஸ். என்ற கொடிய நோயின் பெயரைப் படித்துவிட்டு நடுங்கிக்கொண்டு வந்திருப்பார்கள்.

அப்படி வந்த ஒரு தம்பி, படுத்ததுமே, "பாருங்கள் அண்ணா, எல்லோரும் பிரமை என்கிறார்கள்" என்றான். பார்த்தேன். கெண்டைக்காலில் தோலுக்கடியில் சதை சுண்டிச் சுண்டி அடங்கியது. பிரமையே இல்லை. டாக்டர் ஊசியைச் செலுத்தினார். நரம்புத் தொடர்பு அறுபட்ட தசையில், தகரக் கூரையில் மழை விழுவதுபோல ஓசை கேட்கும். இவனுக்கு நிசப்தம், நடுவில் எப்போதாவது ஒரு 'டொப்'. பாதத்தால் தன் கையைத் தள்ளச் சொன்னார். முழு பலத்தோடு தள்ளினான். தசை மெலியவும் இல்லை.

"எல்லாம் மனதுதான், ஒன்றுமில்லை" என்று சொல்லி அனுப்புவது எனக்குச் சற்றும் பிடிக்காது. பதற்றத்தில் அட்ரீனலின் ஏறுகிறது, தசைகள் இறுகுகின்றன. மூச்சு வேகமாகும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. அதனால் ரத்தத்தில் நரம்புகளுக்குப் பயன்படும் கால்சியமும் குறைந்து, அவை எளிதில் தூண்டப்படுகின்றன. விரல் மரத்துப்போவதும் சதை துடிப்பதும் அப்படித்தான். துடிப்பைக் கண்டு பயம், பயத்தால் மேலும் துடிப்பு. இதை விளக்காமல் அனுப்பினால், வேறொரு மருத்துவமனையில் இதே ஊசிக்கு மறுபடியும் காலை நீட்டுவார்கள்.

எங்கள் டாக்டர் பொறுமையாக உட்கார்ந்து சொன்னார். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், இப்படித் தீங்கில்லாத துடிப்பு உள்ள 121 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 1993-இல் முடிவை வெளியிட்டார்கள், ஒருவருக்குக்கூட ஏ.எல்.எஸ். வரவில்லை. கை கால் பலம் குறைந்தாலோ, தசை மெலிந்தாலோ, பேச்சு குழறினாலோ, விழுங்கச் சிரமப்பட்டாலோ உடனே வர வேண்டும் என்பதையும் சேர்த்தே சொன்னார்.

"அடுத்த மாதம் இன்னொரு முறை எடுத்துப் பார்க்கலாமா?" என்று கேட்டான். டெஸ்ட் வேண்டாம், மனநலப் பிரிவுக்குப் போ என்றார் டாக்டர். அவன் முகம் சுருங்கியது. "ஆபீஸில் தெரிந்தால் என்ன நினைப்பார்கள் அண்ணா?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டான். அந்தக் கேள்விதான் என்னை உலுக்கியது. ஊசிக்குக்கூட அவன் அவ்வளவு பயப்படவில்லை.

2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையின் 14416 எண்ணை ரிப்போர்ட் உறையின் மேல் எழுதிக் கொடுத்தேன். கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். மனநலப் பிரிவு அதே வராந்தாவின் கடைசியில்தான் இருந்தது. டாக்டரிடம் சொல்லிவிட்டு அவனுடன் நடந்தேன், ஓ.பி. சீட்டு போடும் வரை கூடவே நின்றேன்.