அட்லஸ் மலையில் ஒரு கல்யாணச் சந்தை

செப்டம்பர் 17, பெனி மெல்லால்

நாளை இமில்ஷிலுக்குப் புறப்படுகிறோம். மொரோக்கோவின் உயர் அட்லஸ் மலைக்குள், கடல்மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கும் மேலே இருக்கும் சிற்றூர் அது. அதன் அருகே செப்டம்பர்தோறும் ஆய்த் ஹதித்து என்ற அமாசிக் (பெர்பர்) குலத்தார் கூடுவார்கள். அந்தத் திருவிழாவைப் பற்றி நான் படித்தவை எல்லாம் ஒரே பாட்டுத்தான்: முன்பின் அறியாத ஆணும் பெண்ணும் சந்தையில் ஒருவரையொருவர் பார்ப்பார்களாம், பிடித்தால் கையைப் பற்றிக்கொள்வார்களாம், பொழுது சாய்வதற்குள் கல்யாணம் முடிந்துவிடுமாம்.

என்னோடு வரும் தோழி பள்ளி ஆசிரியை. தாய்வழியில் அதே குலத்தைச் சேர்ந்தவள். நான் சேர்த்துவைத்திருந்த கட்டுரைகளைப் படித்துக் காட்டியதும், "இதை எழுதியவர்களில் ஒருவராவது எங்கள் வீட்டுக்குப் பெண் கேட்டு வரட்டும். என் மாமன்மார் மூன்று தலைமுறையை விசாரித்துவிட்டுத்தான் தேநீரே தருவார்கள்" என்றாள். பிறகு என் பையைத் திறந்து பார்த்து, இரண்டு கம்பளிச் சட்டைகளைக் கூடுதலாகத் திணித்தாள்.

செப்டம்பர் 18, இமில்ஷில்

ஊர்விட்டு ஊர் ஆள் சேர்த்துப் போகும் கிராண்ட் டாக்சியில் ஓட்டுநரைத் தவிர ஆறு பேர். எல் க்ஸிபாவைத் தாண்டியதும் வளைவுகள் தொடங்கின. பாதி வழி கண்ணை மூடிக்கொண்டே வந்தேன். ஆகவே காட்டைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

இமில்ஷிலுக்குச் சற்று முன்னால் சாலையோரமாகவே திஸ்லித் ஏரி. சுற்றிலும் மொட்டை மலைகள், நடுவில் கண்கூசும் நீலம். இதற்கு மணமகள் ஏரி என்று பெயர். மணமகன் ஏரியான இஸ்லி மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது; ஒன்றிலிருந்து மற்றது தெரியாது. ஆய்த் பிராஹிம், ஆய்த் யாஸா என்ற இரு பிரிவுகளிலிருந்து ஓர் ஆணும் பெண்ணும் காதலித்தார்கள். பகை கொண்ட குடும்பங்கள் மறுத்தன. இருவரும் தனித்தனியே அழுத கண்ணீர்தான் இரண்டு ஏரிகள். மனம் நொந்த பெரியவர்கள், ஆண்டுக்கு ஒரு நாள் பிள்ளைகள் விருப்பப்படி துணை தேடலாம் என்று விட்டுக்கொடுத்தார்கள். வழிகாட்டிப் புத்தகங்கள் எல்லாம் சொல்லும் கதை இது. தோழியின் பாட்டி சொன்ன கதையில் இருவரும் நீரில் மூழ்கிச் செத்தார்கள், பெரியவர்கள் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்தக் கதையை எந்த விடுதிச் சுவரிலும் காணவில்லை.

இஸ்லி விண்கல் விழுந்து உண்டான பள்ளம் என்று ஆய்வாளர்கள் சிலர் 2013 வாக்கில் சொன்னார்கள். வேறு நிலவியலாளர்கள் அதை ஏற்கவில்லை. தெற்கே அகூதால் என்ற ஊர்ப் பக்கம் இரும்பு விண்கல் துண்டுகள் கிடைத்தது மட்டும் உண்மை.

இரவு குளிர் எலும்பைத் தொடுகிறது. தோழி திணித்த இரண்டு சட்டைகளையும் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

செப்டம்பர் 19, அக்தூத்

விழா நடப்பது இமில்ஷிலில் அல்ல. அங்கிருந்து சுமார் 20 கி.மீ. தள்ளி, ஆய்த் அமர் என்ற ஊரை ஒட்டிய அக்தூத் என்னும் வெட்டவெளியில். சிதி ஹ்மத் உல்ம்கன்னி என்ற இறைநேசரின் தர்கா அங்கே இருக்கிறது. அதைச் சுற்றி ஆண்டுக்கொருமுறை கூடும் விழாவை மூசெம் என்கிறார்கள். ஆண்டு முழுதும் காற்று மட்டும் வீசும் இடத்தில் இப்போது ஒரு கூடார நகரமே எழுந்திருக்கிறது.

கல்யாணம் பார்க்க வந்த என் கண்ணில் முதலில் பட்டவை கோவேறு கழுதைகள். நூற்றுக்கணக்கில் நிற்கின்றன. வாங்க வந்தவர்கள் பல்லைப் பிடித்துப் பார்க்கிறார்கள், குளம்பைத் தட்டுகிறார்கள், விலை கேட்டு முகம் சுளித்துப் போய்விட்டு, கால்மணி நேரத்தில் தற்செயலாக வந்ததுபோல் திரும்பி வருகிறார்கள். அடுத்து ஆட்டுக்கிடை. அதற்கப்பால் வெங்காய மூட்டை, மாவு மூட்டை, கம்பளி, லாடம், எரிவாயு அடுப்பு, பிளாஸ்டிக் வாளி, ரப்பர் காலணி.

காரணம் எளிது. நவம்பருக்குப் பிறகு இந்தக் கணவாய்களில் பனி கொட்டும், சாலைகள் அடைபடும். அறுவடை முடிந்து, கோடைக்கு மேலே போன மந்தைகள் இறங்கிவரும் இந்த இடைவெளியில்தான் கையில் காசும் இருக்கும், வாங்கவேண்டிய அவசரமும் இருக்கும். விற்கவேண்டிய ஆட்டை விற்றுக் குளிர்காலத்துக்கு வேண்டியதை வாங்கிக்கொண்டு போகிறார்கள். எல்லாக் கிளைகளும் ஒரே இடத்தில் கூடுவதால் பெண் பார்ப்பதும் பேசி முடிப்பதும் கூடவே நடக்கின்றன.

ஒரு கடையில் நீலத்தாள் சுற்றிய கூம்புச் சர்க்கரை ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தது. பெண் கேட்கப் போகிறவர்கள் வெறுங்கையோடு போவதில்லை, இந்தச் சர்க்கரைக் கூம்புகளோடு போவார்கள். ஒரு முதியவர் கூம்புகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து வாங்கினார். எத்தனை என்று தோழி எண்ணிவிட்டு, "பெரிய இடத்துச் சம்பந்தம்" என்றாள்.

செப்டம்பர் 20, அக்தூத்

இன்றுதான் பதிவுக் கூடாரத்தைப் பார்த்தேன். வாசலில் பாதிப் பேர் கையில் கோப்பு வைத்திருந்தார்கள்: பிறப்புச் சான்று, மணமாகாதவர் என்ற சான்று, மருத்துவச் சான்று. உள்ளே நீதிபதி, அவரோடு அதூல் எனப்படும் ஒப்பந்தம் எழுதும் அலுவலர்கள். கண்டதும் காதல் கொண்டவர் யாராக இருந்தாலும் இந்தக் கோப்பு இல்லாமல் உள்ளே போக முடியாது. இங்கே வருகிற மணமக்களை வீட்டார் முன்பே பேசி முடித்துவிட்டார்கள்; பலர் ஒரே பள்ளத்தாக்கு, சிலர் அத்தை மாமன் பிள்ளைகள்.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. ஆய்த் ஹதித்து குலத்தார் பிரெஞ்சுப் படைக்கு எளிதில் பணியவில்லை. 1933 வரை போரிட்டார்கள். பிறகு வந்த அதிகாரிகள், ஊர் ஊராக ஏறித் திருமணங்களைப் பதிவதைவிட, எல்லாரும் எப்படியும் கூடும் சந்தைக்கே பதிவேட்டைக் கொண்டுவருவது சுலபம் என்று கண்டுகொண்டார்கள். சுதந்திரத்துக்குப் பின் சுற்றுலாத் துறை அதன்மேல் காதல் சாயத்தைப் பூசியது.

பதிவேடு காதலைவிட முக்கியம் என்று தோழி அடித்துச் சொல்கிறாள். குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹாவை ஓதி, விருந்து வைத்து, காகிதம் இல்லாமல் குடும்பம் நடத்துவது மலையில் புதிதல்ல. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வரும்போதுதான் திருமணத்தைப் பதிந்தவர்களுக்கு அரசு தரும் குடும்பக் கையேடு இல்லாத இடி இறங்கும். அப்படிப்பட்ட தாய்மார்கள் தன் மேசை முன்னால் நின்றிருக்கிறார்கள் என்றாள். 2004-இல் வந்த குடும்பச் சட்டப்படி திருமண வயது இருபாலருக்கும் 18. அந்த வயது நிரம்பிய பெண் ஒப்பந்தத்தைத் தானே செய்துகொள்ளலாம், விரும்பினால் தந்தையிடம் பொறுப்பை ஒப்படைக்கலாம். அதற்குக் குறைந்த வயதுக்கு நீதிபதி விலக்கு அளிக்கலாம் என்ற ஓட்டையும் அதே சட்டத்தில் இருக்கிறது. அந்த ஓட்டையைப் பற்றிப் பேசும்போது தோழியின் குரல் ஏறிவிடுகிறது.

மணப்பெண்கள் நீலம், கறுப்பு, வெள்ளை, சிவப்புக் கோடுகள் ஓடும் ஹந்தீரா என்ற கம்பளிப் போர்வையில் வந்தார்கள். எந்தக் குலம் என்பதைக் கோடுகளே சொல்லிவிடும். ஒருத்தி சூயிங்கம் மென்றுகொண்டே விரல்ரேகை வைத்தாள். வெளியே காத்திருந்த ஒளிப்படக்காரர்கள் பாய்ந்து வந்ததும் போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டாள். அவர்கள் விடவில்லை. அவளுடைய அண்ணனோ தம்பியோ ஒருவன் குறுக்கே வந்து நின்றான். எனக்கு அவன் பக்கம்தான் நியாயம் தெரிந்தது.

மாலையில் போர்வை விற்கும் ஓர் அம்மாளோடு உட்கார்ந்தோம். தலையில் கூம்பாக உயர்ந்த முக்காடு. கணவனை இழந்தவர்களும் மணவிலக்குப் பெற்றவர்களும் அணிவது அது. கன்னிப் பெண்களின் தலையணி வேறு வடிவம். இப்போது இளையவர்கள் சாதாரணத் தலைத்துணிக்கு மாறிவிட்டார்கள். பழைய வழக்கில் முதல் கல்யாணம் தந்தையின் முடிவு. அது முறிந்தாலோ கணவன் இறந்தாலோ, அடுத்தவனைத் தேர்வது பெண்ணின் சொந்த விஷயம். மூசெமில் ஆளைப் பார்த்துப் பேசிக் கைப்பிடித்தவர்கள் இந்தக் கூம்பு முக்காட்டுக்காரிகளே. காதல் திருவிழா என்ற புரளிக்குள் ஒளிந்திருக்கும் உண்மைத் துளி இதுதான்.

நம்மூரிலும் அறுத்துக்கட்டும் வழக்கம் பல சாதிகளில் இருந்தது. மேல்சாதி மரியாதை தேடியவர்கள் அதை இழிவென்று கைவிட்டார்கள். விதவைக்குப் பூவையும் பொட்டையும் மறுத்த ஊரிலிருந்து வந்த எனக்கு, "நான் தனியாள், கேட்கலாம்" என்று தலையிலேயே அறிவிக்கும் முக்காடு வயிற்றெரிச்சலாகக்கூட இருந்தது. "உனக்கு எத்தனை கணவர்?" என்று அந்த அம்மாள் கேட்டார். ஒருவர் என்றேன். "அவசரப்படாதே மகளே, வயதிருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போர்வை விலையில் ஒரு திர்ஹம்கூடக் குறைக்க மறுத்துவிட்டார்.

இரவு அஹிதூஸ் என்ற கூட்டு ஆட்டம். ஆண்களும் பெண்களும் தோளோடு தோள் ஒட்டி நின்று, பெந்தீர் பறையின் அடிக்கு ஒரே உடம்பாக அசைகிறார்கள். ஒருவர் ஓர் அடியை எடுத்துக் கொடுக்க, வரிசை முழுதும் திருப்பிப் பாடுகிறது. அரசு மேடையின் ஒலிபெருக்கி அலறியதால் அரைமணி நேரத்துக்குமேல் எதுவும் காதில் விழவில்லை. கூடாரங்களுக்குப் பின்னால், மேடை எட்டாத இருட்டில் ஒரு சிறு வட்டம் ஆடியது. அதுதான் நல்ல ஆட்டம்.

செப்டம்பர் 21, அகூதால்

தெற்கே தொத்ரா பள்ளத்தாக்கு வழியாகத் தின்கீருக்கு இறங்குகிறோம். முன்னால் போகும் லாரி நிறைய ஆடுகள், முந்த வழியில்லை.

அகூதாலில் தேநீர்க் கடைக்காரருக்கும் அக்தூத் மூசெமில்தான் கல்யாணம் பதிவானதாம். பெண்ணை முதலில் அங்கேதான் பார்த்தீர்களா என்று கேட்கச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அடுத்த வயல்காரர் மகளாம், சிறுவயதில் அவள்மேல் கல்லெறிந்து அடி வாங்கியவராம். அப்பா கோவேறு கழுதையை விற்கப் போனார். போன கையோடு இவர்கள் கல்யாணத்தையும் பதிந்துவிட்டார். கழுதை மட்டும் அந்த ஆண்டு விலை போகவில்லை. அந்தக் குறையை இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.