5000 ஆர்பிஎம்முக்கு மேல் திணறும் ரோட்டரி: கார்புரேட்டரைக் கழற்றுவதற்கு முன்

பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோண ரோட்டர் சுழலும் ரோட்டரி எஞ்சின் கொண்ட பழைய கார் ஒன்று ஐடிலில் சீராக நின்று, ஊருக்குள் எந்தக் குறையும் இல்லாமல் ஓடி, திறந்த சாலையில் மிதியை முழுவதும் அழுத்தி 5000 ஆர்பிஎம்மை (நிமிடத்துக்கு 5000 சுற்று) கடக்கும்போது மட்டும் வெட்டி வெட்டித் திணறினால், அதை வைத்திருப்பவரின் கை முதலில் பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரை நோக்கித்தான் போகும். அதைக் கழற்றிப் பிரித்து, ஜெட்டுகளைக் கழுவி, புதிய கேஸ்கட் கிட் போட்டு மாட்டிய பிறகும் அதே திணறல் அதே இடத்தில் வந்து நிற்பது இந்தக் கார்களில் அடிக்கடி நடக்கிறது. இந்தக் குறையைத் தேடும்போது கார்புரேட்டரைக் கடைசியில்தான் தொட வேண்டும் என்பது என் கருத்து. அது நல்ல பொருள் என்பதற்காக அல்ல. அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை எளியவை, மலிவானவை, பெரும்பாலும் குற்றவாளியும் அவற்றில்தான் இருக்கும்.

என்னிடம் இருப்பது 1980களின் முற்பகுதியைச் சேர்ந்த முதல் தலைமுறை மாஸ்டா ஆர்எக்ஸ்-7. அதில் 12ஏ எஞ்சின்: ஒவ்வொன்றும் 573 சிசி கொண்ட இரண்டு ரோட்டர்கள், மொத்தம் 1146 சிசி. மேலே நான்கு குழல் கொண்ட நிக்கி கார்புரேட்டர் அமர்ந்திருக்கிறது. மெதுவாக ஓட்டும்போது இரண்டு பிரைமரி குழல்கள் மட்டும் வேலை செய்யும்; காற்றின் தேவை கூடும்போது வேக்குவம் இழுப்பில் செகண்டரி குழல்கள் இரண்டும் திறக்கும். கீழே நான் எழுதுவது இந்த அமைப்பை மனத்தில் வைத்துத்தான். ஆனால் கார்புரேட்டர் வைத்த மற்ற இரட்டை ரோட்டர் கார்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். இந்தக் காரில் எரிபொருளையோ தீப்பொறியையோ வெட்டும் ரெவ் லிமிட்டர் கிடையாது, சிவப்புக் கோட்டை நெருங்கும்போது ஒலிக்கும் பஸர் மட்டுமே உண்டு என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேல் வேகத்தில் திணறினால் லிமிட்டர் வெட்டுகிறது என்று ஆறுதல் கொள்ள இங்கே வழியில்லை.

அதிக வேகத்தில் மட்டும் குறை வெளிப்படுவது ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்குப் போட்டால் போதும். ரோட்டர் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் நடுத் தண்டு மூன்று சுற்றுச் சுற்றிவிடும். ரோட்டருக்கு மூன்று முகங்கள் இருப்பதால் தண்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ரோட்டருக்கு ஓர் எரிதல் என்று ஆகிறது. இரண்டு ரோட்டர்களுக்குச் சேர்த்து 6000 ஆர்பிஎம்மில் வினாடிக்கு 200 எரிதல்கள். அதாவது, முதன்மைப் பொறிக்கு உயர் மின்னழுத்தம் தரும் சுருளான லீடிங் காயில் 5 மில்லி வினாடிக்கு ஒரு முறை மின்னேற்றம் பெற்று, பொறியைக் கொடுத்து, அடுத்ததற்குத் தயாராக வேண்டும். ஐடிலில் இதற்குப் பல மடங்கு அவகாசம் இருப்பதால் பலவீனமான காயிலும் அங்கே ஒழுங்காகவே நடந்துகொள்ளும். எரிபொருள் பக்கமும் இதே கதைதான். ஏறத்தாழ 100 குதிரைத்திறன் கொடுக்கும் எஞ்சின், ரோட்டரிக்கே உரிய தாராளமான தாகத்தோடு முழுத் திறப்பில் ஓடும்போது, என் மேலோட்டமான கணக்கின்படி நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் சற்று அதிகமாகவே பெட்ரோல் குடிக்கும். அதில் கால் பங்கு மட்டும் கடத்தக்கூடிய அடைத்த ஃபில்டர் ஊருக்குள் ஓட்டும்போது எந்த அறிகுறியும் காட்டாது.

ஆகவே கேள்வி, பெட்ரோல் போதவில்லையா, பொறி போதவில்லையா என்பதுதான். கருவிப் பெட்டியைத் திறப்பதற்கு முன் காரை ஓட்டியே இதில் பாதியைத் தெரிந்துகொள்ளலாம்.

முதலில் எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, நியூட்ரலில் வைத்து, திணறல் வரும் ஆர்பிஎம்முக்கு நிதானமாக ஏற்றிப் பாருங்கள். சுமை இல்லாமல் சுழலும் எஞ்சினுக்கு மிகக் குறைந்த பெட்ரோலே தேவை. ஆனால் பொறிகளின் எண்ணிக்கை சாலையில் இருப்பது போலவே இருக்கும். நியூட்ரலிலும் அதே ஆர்பிஎம்மில் மிஸ்ஸிங் அடித்தால் (எரிதல் விட்டுப்போனால்) இக்னிஷன், அதாவது பொறி தரும் அமைப்பின் பக்கம் திரும்புங்கள். நியூட்ரலில் சுத்தமாக ஏறி, சாலையில் சுமையோடு மட்டும் திணறினால் பெட்ரோல்மீது சந்தேகம் கூடுகிறது. அழுத்தம் மிகுந்த அறையில் பொறி தாவுவதற்கு அதிக வோல்டேஜ் வேண்டும் என்பதால் இக்னிஷனை அதற்குள் விடுவித்துவிடவும் கூடாது.

அடுத்து, திணறல் எத்தனை நேரம் கழித்து வருகிறது என்று கவனியுங்கள். எனக்கு மிகவும் பயன்பட்டது இதுதான். மூன்றாவது கியரில் முழு மிதியில் குறிப்பிட்ட ஆர்பிஎம்மைத் தொட்டவுடனேயே வெடிப்புச் சத்தத்தோடு இடறினால் அது பெரும்பாலும் பொறி. ஆர்பிஎம் எதுவானாலும், சில வினாடிகள் நன்றாக இழுத்துவிட்டுப் பிறகு சோர்ந்து, மிதியை விட்டுச் சற்றுப் பொறுத்து மீண்டும் அழுத்தினால் அதே அளவு நேரம் நன்றாக இழுத்துவிட்டுத் திரும்பவும் சோர்ந்தால், கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணங்கள் காலியாகின்றன, ஓய்வு கிடைத்தபோது நிரம்புகின்றன என்று பொருள். இது வாளியில் பிடித்து வைத்த நீர் தீர்ந்ததும் குழாயின் மெல்லிய ஒழுக்கை நம்பி நிற்பது போன்ற நிலை. ஏற்றமான நீண்ட சாலையில் நான்காவது கியரில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். சத்தமும் வேறுபடும். பொறி தவறும்போது எரியாத கலவை எக்சாஸ்டில் போய் வெடிக்கும். பெட்ரோல் குறையும்போது யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுக்கும் உணர்வு வரும். மிதியை விட்ட பிறகு மட்டும் எக்சாஸ்டில் பட்பட்டென்று வெடிப்பது வேறு விஷயம். அந்த வெடிப்பைத் தடுக்க இருக்கும் ஆன்டி ஆஃப்டர்பர்ன் வால்வு போன்றவற்றின் வேலையை அங்கே பார்க்க வேண்டும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பெட்ரோல் குறைவு என்ற சந்தேகம் வந்த பிறகு திணறலை மீறி எஞ்சினை விரட்டாதீர்கள். முழுச் சுமையில் பெட்ரோல் குறைந்து கலவை மெலிந்தால் டெட்டனேஷன், அதாவது கலவை கட்டுப்பாடின்றி வெடிப்பது, வரும். பிஸ்டன் எஞ்சினில் அது ஓரளவு பொறுக்கப்படும், ரோட்டரியில் ரோட்டரின் முனைகளில் அழுத்தத்தைக் காக்கும் ஏபெக்ஸ் சீல்கள் உடையும். சோதனைக்கு ஓரிரு இழுப்புகளே போதும்.

பெட்ரோல் பாதையை டேங்கின் மூடியிலிருந்தே தொடங்கலாம். டேங்குக்குக் காற்று விடும் வழி அடைத்திருந்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகி, பம்பின் இழுப்பையே எதிர்க்கும். திணறல் வந்தவுடன் காரை நிறுத்தி மூடியைத் திறக்கும்போது காற்று உள்ளே சீறிப் புகுந்தால், மூடியைத் தளர்த்தி வைத்து ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். செலவில்லாத சோதனை இது.

பிறகு ஃபில்டர். இந்தக் காரில் அது எஞ்சின் அறையில் இல்லை. பின்னால், காரின் அடியில், பம்புக்கு அருகில் இருக்கிறது. அங்கே ஒன்று இருப்பதே தெரியாமல், முன்னால் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் கூடுதலாக ஒரு பிளாஸ்டிக் ஃபில்டரைச் சொருகி, பழையதை அப்படியே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அடுத்தது டேங்குக்கும் பம்புக்கும் இடையே உள்ள ரப்பர் குழாய்கள். இவற்றில் பம்பு தள்ளுவதில்லை, உறிஞ்சுகிறது. வயதான குழாயின் உள்தோல் உரிந்தோ மென்மையாகியோ இருந்தால் உறிஞ்சும்போது உள்ளே ஒட்டிக்கொள்ளும். வெளியே பார்த்தால் குழாய் நன்றாகவே தெரியும், ஒரு சொட்டும் ஒழுகாது.

பம்பின் முனையங்களில் வோல்டேஜைப் பார்க்கும்போது அது ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பம்பின் வயர் இணைப்பைக் கழற்றி வைத்து அளந்தால், துருப்பிடித்த இணைப்பும் 12 வோல்ட் காட்டி நம்மைத் திருப்பி அனுப்பிவிடும். கடைசியில் ஓட்டச் சோதனை. கார்புரேட்டருக்குப் பெட்ரோல் கொடுக்கும் குழாயைக் கழற்றி, அளவு குறித்த கலனில் விட்டு, குறிப்பிட்ட நேரத்தில் எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். இதைத் திறந்த வெளியில், எஞ்சின் ஆறிய பிறகு, தீயணைப்பானைக் கைக்கு எட்டும் தொலைவில் வைத்துக்கொண்டு செய்ய வேண்டும். எஞ்சினின் தேவை நிமிடத்துக்கு அரை லிட்டரைத் தாண்டும் என்றால், தடையற்ற பாதையில் அதைப் போல இரு மடங்காவது வராவிட்டால் நான் திருப்தி அடைய மாட்டேன். முதலில் நன்றாக வந்து ஒரு நிமிடத்தில் மெலிந்துபோனால், டேங்கின் உள்ளே இருக்கும் உறிஞ்சு வலையில் துருவும் வண்டலும் படிந்து அடைக்கின்றன என்று நினைக்கலாம். பம்பு நின்றதும் வண்டல் உதிர்ந்து கீழே இறங்கிவிடும். அதனால்தான் சற்று நேரம் நிறுத்திவிட்டு எடுத்தால் கார் மீண்டும் சரியாகிவிட்டது போல ஏமாற்றுகிறது.

நிக்கி கார்புரேட்டரைப் பிரிக்காமலேயே பார்க்கக்கூடியது ஒன்று உண்டு. மிதவைக் கிண்ணங்களுக்குச் சிறிய கண்ணாடிச் சாளரங்கள் இருக்கின்றன; பெட்ரோல் மட்டம் அவற்றில் தெரியும். ஐடிலில் மட்டம் சரியாக இருப்பதால் முழுச் சுமையில் நிலைக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் ஐடிலிலேயே தாழ்ந்திருந்தால் நீடில் வால்வையோ மிதவையின் அமைப்பையோ திறந்து பார்க்கக் காரணம் கிடைத்துவிடுகிறது. காற்றைக் குறைத்துக் கலவையைக் கெட்டியாக்கும் சோக் கையால் இழுக்கும் வகையாக இருந்தால், திணறும்போது அதைச் சற்றே இழுத்துப் பார்ப்பதும் பழைய உத்திதான். நிலைமை தேறினால் கலவை மெலிந்திருக்கிறது, இன்னும் மோசமானால் மெலிவு அல்ல.

இக்னிஷன் பக்கம் ரோட்டரிக்கே உரிய விசேஷம், ஒவ்வொரு ரோட்டருக்கும் இரண்டு பிளக்குகள் இருப்பது. கீழே இருப்பது லீடிங், மேலே இருப்பது டிரெய்லிங். இந்தக் காரில் பொறி பாயும் தருணம் (டைமிங்) லீடிங்குக்கு 0 டிகிரி, டிரெய்லிங்குக்கு அதற்கு 20 டிகிரி பின்னால். எரிதலின் பெரும்பங்கை லீடிங்கே தொடங்கி வைப்பதால் அது தவறினால் உடனே தெரியும். டிரெய்லிங் முழுவதும் செத்துப்போனாலும் சக்தி சற்றுக் குறையுமே தவிர கார் ஓடும், பலர் அதை உணர்வதுகூட இல்லை. யாரோ எப்போதோ வயர்களை இடம் மாற்றி மாட்டியிருக்கவும் கூடும் என்பதால் பொறியைப் பிளக்குகளுக்குப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து ஒவ்வொரு வயரையும் அதன் பிளக் வரை விரலால் தொடர்ந்து பாருங்கள்.

பொறி பாயும்போதெல்லாம் மின்னும் டைமிங் லைட்டை டைமிங் பார்க்க மட்டுமல்லாமல் இதற்கும் பயன்படுத்தலாம். அதன் கவ்வியை நான்கு பிளக் வயர்களிலும் ஒவ்வொன்றாக மாட்டி, உதவிக்கு ஒருவர் எஞ்சினை உயர்த்தும்போது வெளிச்சத்தை மட்டும் பாருங்கள். ஒரு வயரில் மட்டும் விட்டுவிட்டு மின்னினால் அந்த வயர், அதற்குரிய டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் முனை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். லீடிங் வயர்கள் இரண்டிலும் சேர்ந்தாற்போல் தவறினால் அவற்றுக்குப் பொதுவான காயில், காயிலை இயக்கும் மின்னணு இக்னைட்டர், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டார் முனை, காயிலுக்கு வரும் மின்சாரம் இவற்றில் ஒன்று. இக்னைட்டர்கள் இரண்டும் டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கின்றன. எஞ்சின் சூட்டிலேயே வாழ்பவை. அடியில் பூசிய வெப்பம் கடத்தும் பசை காய்ந்துவிட்டால், சூடான பிறகு மட்டும் தவறத் தொடங்கும். லீடிங்குக்கும் டிரெய்லிங்குக்கும் ஒரே வகை இக்னைட்டர் என்பதால் இரண்டையும் இடம் மாற்றி மாட்டிவிட்டு, குறையும் கூடவே இடம் மாறுகிறதா என்று பார்க்கலாம். ஆர்பிஎம்மைக் காட்டும் டாக்கோமீட்டர் தன் குறிப்பை டிரெய்லிங் காயிலிலிருந்து எடுக்கிறது. திணறும் தருணத்தில் அதன் முள் துள்ளினால் அது இலவசமாகக் கிடைத்த தடயம்.

கம்ப்ரஷன் பற்றி ஒரு வார்த்தை. ரோட்டரி என்றாலே எல்லாக் குறைக்கும் ஏபெக்ஸ் சீலைக் காரணம் சொல்லும் பழக்கம் இருக்கிறது. தேய்ந்த சீல் சூட்டில் ஸ்டார்ட் ஆகாமையிலும் நடுங்கும் ஐடிலிலும்தான் முதலில் தன்னைக் காட்டும். வேகம் கூடக்கூட அழுத்தம் கசிவதற்கு நேரம் குறைவதால் அந்தக் குறை மறையவே செய்யும். ஐடிலில் சீராக நின்று 5000-க்கு மேல் திணறும் எஞ்சினைப் பிரிக்கச் சொல்பவரின் பேச்சைக் கேட்க வேண்டாம். எக்சாஸ்ட் அடைப்பும் இந்தக் குறைக்குப் பொருந்தாது; அது வெட்டி வெட்டித் திணறாது, மேலே போகப் போக மூச்சு முட்டும்.

என் காரில் நியூட்ரல் சோதனை ஏறக்குறைய சுத்தமாக வந்தது. மேல் எல்லையில் டாக்கோமீட்டர் முள் மட்டும் லேசாக நடுங்கியது. சாலையில், சில வினாடி இழுத்துவிட்டுச் சோர்வது திரும்பத் திரும்ப ஒரே மாதிரி நடந்தது. ஃபில்டர் புதியது, மூடியில் சீற்றம் இல்லை, பம்பில் வோல்டேஜ் குறையவில்லை. ஓட்டச் சோதனையில் மட்டும் ஒழுக்கு பரிதாபமாக இருந்தது. டேங்கிலிருந்து வரும் குழாயை நீளவாக்கில் அறுத்துப் பார்த்தபோது உள்தோல் உரிந்து துளையைப் பாதிக்கு மேல் மூடியிருந்தது. டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை எல்லா ரப்பர் குழாய்களையும் எரிபொருளுக்கு உரிய தரத்தில் மாற்றிய பிறகு அந்தச் சோர்வு போய்விட்டது. ஆனால் 6500-ஐ நெருங்கும்போது கூர்மையான சிறு மிஸ்ஸிங் ஒன்று மிச்சம் இருந்தது. பெரிய குறை இருந்தவரை அந்த வேகத்துக்குக் கார் போகவே இல்லை என்பதால் அது தெரியவில்லை. இக்னைட்டர்களை இடம் மாற்றியதும் முள்ளின் நடுக்கம் நின்று, மிஸ்ஸிங் முன்னிலும் பலமாக அடித்தது. டிரெய்லிங்கில் ஒளிந்திருந்த பழுது லீடிங்குக்கு வந்துவிட்டது என்று அதிலிருந்தே தெரிந்தது. அந்த ஒன்றை மட்டும் மாற்றி, இரண்டின் அடியிலும் புதிய பசை பூசினேன். கார்புரேட்டரில் ஒரு திருகைக்கூடத் தொடவில்லை.