மாருதி 800 இன்ஜின்: கெடுவது எது, கெடுப்பது எது?

பழைய மாருதி 800 வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "இன்ஜினைத் திறந்து வேலை பார்த்த வண்டியா?" என்பதைத்தான். கார்புரேட்டர் காலத்து 800 ஒன்றை நெடுநாளாக வைத்திருப்பவன் என்ற முறையில், விசாரணையை அங்கிருந்து தொடங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. இந்த இன்ஜினின் பிஸ்டனும் கிராங்கும் எளிதில் தேயக்கூடியவை அல்ல. ரேடியேட்டர், ரப்பர் குழாய், பெல்ட், ஒயர் என்று அவற்றைச் சுற்றியிருக்கும் விலை குறைந்த பொருட்கள் முதலில் கெட்டு, பிறகு அவற்றையும் கெடுக்கின்றன. எனவே இன்ஜினை இறக்க வேண்டும் என்று யார் சொன்னாலும், இவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து முடிக்காமல் சம்மதிக்கக் கூடாது.

1983 டிசம்பரில் வெளிவந்த முதல் 800-இலும், 2014 ஜனவரியில் உற்பத்தி நிறுத்தப்பட்டபோது வந்த கடைசி 800-இலும் அடிப்படையில் ஒரே இன்ஜின்தான் இருந்தது. சுசுகியின் எஃப்8பி என்பது அதன் பெயர். மூன்று சிலிண்டர்கள், சிலிண்டருக்கு இரண்டு வால்வுகள், மேலே ஹெட்டில் வால்வுகளைத் திறந்து மூடும் ஒற்றை கேம்ஷாஃப்ட், அதைச் சுழற்ற ஒரு ரப்பர் டைமிங் பெல்ட். போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 68.5 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 72 மி.மீ., மொத்தக் கொள்ளளவு 796 சி.சி. சிலிண்டர்கள் அமைந்த பிளாக் வார்ப்பிரும்பு, அதன் மேல் மூடியான ஹெட் அலுமினியம். இந்த இரண்டு உலோகங்களும் ஒன்றாக இருப்பதுதான் பின்னால் சொல்லப்போகும் பெரிய தொல்லைக்கு வேர். கார்புரேட்டர் வகையில் நிமிடத்துக்கு 5500 சுழற்சியில் ஏறத்தாழ 39 குதிரைத்திறனும், 2000-ஆம் ஆண்டை ஒட்டி வந்த எம்.பி.எஃப்.ஐ. (கார்புரேட்டருக்குப் பதிலாக, மின்னணுக் கட்டுப்பாட்டில் பெட்ரோலைப் பீய்ச்சும்) வகையில் 5000 சுழற்சியில் 37 குதிரைத்திறனும் கிடைத்தன. பின்னதன் முறுக்குவிசை 2500 சுழற்சியிலேயே 59 நியூட்டன் மீட்டர். இடையில் 12 வால்வு இன்ஜினும் ஐந்து கியரும் கொண்ட 800 ஒன்றும் விற்கப்பட்டது. ஆல்ட்டோவில் வந்த எஃப்8டி-யின் இனத்தைச் சேர்ந்த அந்த இன்ஜினைப் பற்றி இங்கே எழுதவில்லை.

காகிதத்தில் பார்த்தால் இவை சிறிய எண்கள்தான். ஆனால் வண்டியின் எடையும் ஏறத்தாழ 650 கிலோதான் என்பதால், நகரப் போக்குவரத்தில் இந்த இன்ஜின் திணறுவதே இல்லை. கார்புரேட்டர் வகையின் அழுத்த விகிதம் 8.7-க்கு 1. இன்றைய அளவுகோலில் இது மிகக் குறைவு. இன்ஜின் நீண்ட நாள் உழைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். இதில் பிரீமியம் பெட்ரோல் போட்டு "பிக்கப்" கூடிவிட்டது என்பவர்களை நான் நம்புவதில்லை.

மூன்று சிலிண்டர் என்பதால் ஐடிலிங்கில் ஒரு நடுக்கம் இருக்கத்தான் செய்யும். பிஸ்டன்கள் மேலும் கீழும் போகும் விசைகள் ஒன்றையொன்று சமன் செய்துகொண்டாலும், இன்ஜினின் இரு முனைகளும் மாறி மாறி ஏறி இறங்கும் ஆட்டம் மிச்சம் நிற்கும். அதை அடக்கும் பேலன்ஸ் ஷாஃப்ட் இதில் கிடையாது. முழுச் சுமையும் ரப்பர் மவுன்டிங்குகள் மீதுதான். கியர் லீவர் கூடுதலாக ஆடினாலோ, கிளட்சை விடும்போது வண்டி குலுங்கினாலோ, டியூனிங் செய்வதற்கு முன் மவுன்டிங் ரப்பர் வெடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இனி அந்தப் பெரிய தொல்லை. 800 இன்ஜின்கள் திறக்கப்படுவதற்கு, ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் போவதே முதன்மையான காரணம். அதற்குக் காரணம் ஓவர்ஹீட். சூட்டில் அலுமினியம் இரும்பைவிடக் கூடுதலாக விரிவடைவதால், அளவு கடந்து சூடேறிய ஹெட் வளைந்துவிடுகிறது. அதன் பிறகு கேஸ்கெட்டால் சிலிண்டருக்குள் எரியும் வாயுவையும் தண்ணீரையும் பிரித்து வைக்க முடிவதில்லை. ஓவர்ஹீட் ஆவதோ அற்பமான காரணங்களால்தான்: கூலன்ட்டுக்குப் பதிலாகக் குழாய்த் தண்ணீரை ஊற்றி ஊற்றி ரேடியேட்டர் குழல்கள் உப்படைத்துப்போவது, ஃபேனை இயக்கும் வெப்ப ஸ்விட்ச் கெடுவது, கிளிப் இருக்கும் இடத்தில் ஹோஸ் வெடிப்பது, வாட்டர் பம்பின் சீல் கசிவது. ஆல்டர்னேட்டரையும் வாட்டர் பம்பையும் ஒரே ஃபேன் பெல்ட்தான் சுழற்றுகிறது என்பதால், ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரி விளக்கு எரிந்தால் அதை வெறும் மின்சாரக் கோளாறாக எண்ணித் தொடர்ந்து ஓட்டிவிடக் கூடாது. பெல்ட் அறுந்திருந்தால் சில நிமிடங்களில் இன்ஜின் கொதித்துவிடும்.

வெப்பமானியை மட்டும் நம்புவதும் ஆபத்துதான். அதன் சென்சார் தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும். தண்ணீர் முழுதும் வெளியேறி அந்த இடத்தில் காற்று நிறைந்துவிட்டால், இன்ஜின் வெந்துகொண்டிருக்கும்போதும் முள் கீழேயே நிற்கக்கூடும்.

ஓவர்ஹீட்டுக்கு மருந்தாகத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடும் வழக்கம் நம் ஊர் ஒர்க்‌ஷாப்களில் இன்னும் இருக்கிறது. நம் வெயிலுக்கு அது தேவையில்லை என்பது அவர்கள் வாதம். தெர்மோஸ்டாட்டின் வேலை ஊரின் வெயிலைப் பார்ப்பது அன்று, இன்ஜினை விரைவில் உரிய சூட்டுக்குக் கொண்டுவந்து அங்கேயே நிறுத்துவது. அது இல்லாத இன்ஜின் வெகுநேரம் குளிர்ந்தே ஓடும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர்களில் உள்ள ஆயிலைக் கழுவி இறங்கும். மைலேஜ் குறைவதோடு போர் தேய்மானமும் கூடும். கெட்ட ஸ்விட்சை மாற்றாமல், சாவியைத் திருப்பியதும் ஃபேன் ஓடும்படி "டைரக்ட்" கொடுத்துவிடுவதும் ஏறத்தாழ இதே வகைதான் என்றாலும், ஹெட்டைக் காப்பாற்றுகிறது என்பதால் அதை மன்னித்துவிடலாம்.

ஹெட் கேஸ்கெட் போய்விட்டதா என்று பார்க்க, இரவு முழுதும் ஆறிய இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, தண்ணீரைக் கழுத்துவரை நிரப்பிவிட்டு ஸ்டார்ட் செய்ய வேண்டும். தொடக்கத்தில் ஒன்றிரண்டு குமிழிகள் வருவது உள்ளே சிக்கிய காற்றாக இருக்கலாம். குமிழிகள் நிற்காமல் வந்துகொண்டே இருந்து, ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது தண்ணீர் வெளியே பொங்கினால், சிலிண்டரில் எரியும் வாயு கூலன்ட்டுக்குள் கசிகிறது என்று கொள்ளலாம். ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் பால்போன்ற நுரை இருப்பதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. மழைக்காலத்தில் பக்கத்துத் தெருவரை மட்டும் போய் வரும் வண்டிகளில், ஈரம் ஆவியாகாமல் தங்கியே அந்த நுரை உண்டாகும். டிப் ஸ்டிக்கில் வரும் ஆயிலும் வெளுத்திருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

ஹெட்டைக் கழற்றியபின், புது கேஸ்கெட்டை வைத்து அப்படியே மூடிவிட்டால் அது மீண்டும் போகும். ஹெட்டின் அடிப்பரப்பில் நேர்விளிம்புப் பட்டையைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா என்று சோதித்து, வளைந்திருந்தால் லேத்தில் ஃபேஸிங் செய்ய வேண்டும். மாட்டும்போது போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிநோக்கி, பல சுற்றுகளாக, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச் கொண்டு இறுக்க வேண்டும். கை அளவே போதும் என்னும் மெக்கானிக்கிடம் இந்த ஒரு வேலையை மட்டும் கொடுக்க வேண்டாம்.

டைமிங் பெல்ட்டைக் கிலோமீட்டர் கணக்கில் மட்டும் மாற்றுவது பழைய வண்டிகளுக்குப் பொருந்தாது. ஆண்டுக்குச் சில நூறு கிலோமீட்டரே ஓடும் வண்டியிலும் ரப்பர் முதுமையடையும். கேம் அல்லது கிராங்க் ஆயில் சீல் கசிந்து பெல்ட்டில் ஆயில் படிந்தால் அதன் ஆயுள் இன்னும் குறையும். ஆகவே பெல்ட்டை மாற்றும்போதே அந்த சீல்களையும் மாற்றிவிடுவது நல்லது.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் நீலப் புகை வந்து பிறகு நின்றுவிட்டால், வால்வுத் தண்டு வழியே ஆயில் இறங்காமல் தடுக்கும் வால்வு ஸ்டெம் சீல்கள் பெரும்பாலும் இறுகிப்போயிருக்கும். இதற்காகப் போரிங் வேலைக்கு மதிப்பீடு வாங்குபவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும். ஓடும்போதும், குறிப்பாக ஏற்றத்தில் அழுத்தும்போதும் விடாமல் நீலப் புகை வந்தால்தான் ரிங்கையும் போரையும் சந்தேகிக்க வேண்டும். அப்போதும் ஊகத்தில் இறங்காமல், மூன்று சிலிண்டர்களிலும் கம்ப்ரஷன் அளந்து பார்க்க வேண்டும். எரிவாயு கிட் பொருத்தி ஓட்டிய வண்டிகளில் வால்வு சீட் தேய்ந்து, வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் இடையிலான டேப்பெட் இடைவெளி குறைந்துவிடுவதுண்டு. டேப்பெட் சத்தமே இல்லாத அமைதியான இன்ஜின் என்று விற்பவர் பெருமைப்பட்டால், அதை ஃபீலர் கேஜ் வைத்துப் பார்ப்பது நல்லது.

சிலிண்டர் ஏதாவது ஒன்று விட்டுவிட்டு எரியும் மிஸ்ஸிங் பிரச்சினை பெரும்பாலும் மழைக்காலத்தில்தான் வரும். தீப்பொறிக்கான மின்சாரத்தைப் பிளக்குகளுக்குப் பகிரும் டிஸ்டிரிப்யூட்டரின் மூடியில் மயிரிழை போன்ற வெடிப்பு இருந்தால், ஈரம் படிந்ததும் தீப்பொறி அதன் வழியே கசிந்துவிடும். இருட்டில் பானட்டைத் திறந்து இன்ஜினை ஓடவிட்டால், ஒயர்களின் மேல் பொறி தாவுவது கண்ணுக்கே தெரியும். ஐடிலிங் நிலையாக நிற்கவில்லை என்றால் கார்புரேட்டர் திருகுகளில் கை வைக்காமல், கார்புரேட்டரின் அடிக் கேஸ்கெட்டிலும் வேக்குவம் குழாய்களிலும் காற்று கசிகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். எம்.பி.எஃப்.ஐ. வகையில் இந்தத் தலைவலிகளுக்குப் பதிலாக ஐடில் வால்வில் கரி படிவதும் சென்சார் கனெக்டர்களில் பச்சைக் களிம்பு ஏறுவதும் வரும். இன்ஜினுக்கும் பாடிக்கும் இடையிலான எர்த் ஒயரைச் சுத்தம் செய்வதாலேயே தீர்ந்த கோளாறுகளும் உண்டு.

இப்போது புதிதாகச் சேர்ந்திருப்பது எத்தனால். 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும் பொருட்களைக் கொண்ட கார்கள் நம் நாட்டில் 2023 ஏப்ரலில்தான் கட்டாயமாயின. 800-இன் ரப்பர் பாகங்கள் அந்தக் கலவையை எண்ணிச் செய்யப்பட்டவை அல்ல. பெட்ரோல் குழாய்களையும் கார்புரேட்டர் கேஸ்கெட்டுகளையும் வெடிக்கும்வரை காத்திராமல் மாற்றிவிடலாம். கூடுதல் கவனம் தேவைப்படுவது, கார்புரேட்டர் வகையில் கேம்ஷாஃப்ட் இயக்கும் மெக்கானிக்கல் பெட்ரோல் பம்புக்கு. அதன் டயாஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் வெளியே சொட்டுவதோடு நிற்காமல், ஆயில் சம்ப்புக்குள்ளும் இறங்கலாம். டிப் ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறியிருந்து, பெட்ரோல் வாசமும் வந்தால், பம்பையும் ஆயிலையும் மாற்றும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது. நீர்த்துப்போன அந்த ஆயிலில் முதலில் அடிவாங்குவது கிராங்க் பேரிங்குகள்.