குரல் இல்லாத முதல் தட்டு

கனடிய ராக் பாடகர் நீல் யங்கின் அந்த மெலிந்த, நடுங்கும் குரலுக்குப் பழகிய காதுகளுக்கு, அவருடைய முதல் இசைத்தட்டில் அந்தக் குரலே இல்லை என்பது வியப்பாக இருக்கும். 1963 ஜூலையில், பதினேழு வயதில், ஸ்குவையர்ஸ் என்ற தம் குழுவுடன் கனடாவின் வின்னிபெக் நகர வானொலி நிலையமொன்றில் அவர் பதிவு செய்த 'தி சுல்தான்', 'அரோரா' இரண்டும் வெறும் கிதார் இசை. முன்னதன் தொடக்கத்தில், கீழ்த்திசைச் சாயல் வேண்டும் என்பதற்காகவோ என்னவோ, சேகண்டி போன்ற ஓர் ஒலி எழும். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். ஆனால் அதன் பிறகு வரும் கிதாரில் பிரிட்டனின் ஷேடோஸ் குழுவின் கிதார் கலைஞர் ஹாங்க் மார்வினைக் கூர்ந்து கேட்ட மாணவன் தெளிவாகத் தெரிகிறான்.

1966இல் மைனா பேர்ட்ஸ் (நம் மைனாவேதான்) குழுவில் சேர்ந்து டெட்ராய்ட்டில் மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பதிவு செய்தார். பாடகர் ரிக் ஜேம்ஸ் அமெரிக்கக் கடற்படையிலிருந்து தப்பியவர் என்பது வெளிப்பட்டதும், அந்தத் தட்டு கிடப்பில் போடப்பட்டது.

அதே ஆண்டு வந்த, யங் அடுத்து இடம்பெற்ற பஃபலோ ஸ்பிரிங்ஃபீல்ட் குழுவின் முதல் தொகுப்பிலும், யங் எழுதிய ஐந்து பாடல்களில் மூன்றைப் பாடியவர் சக உறுப்பினர் ரிச்சி ஃபியூரே. அவர் குரல் இனிமையானதுதான். ஆயினும், யங்கே பாடிய 'பர்ன்ட்' தொடங்கியதும் என் கை தானாகவே ஒலியைக் கூட்டிவிடுகிறது.