மஜ்ஜை மாற்றுக்குப் பிறகு என் கண்கள்

மஜ்ஜை மாற்று சிகிச்சை முடிந்த எட்டாவது மாதம் அது. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். ரத்தப் பரிசோதனையெல்லாம் நன்றாக இருந்தது. அப்போதுதான் கண்ணில் மணல் விழுந்தது போல உறுத்தல் தொடங்கியது. போன் அதிகம் பார்ப்பதால் இருக்கும் என்று மூன்று வாரம் விட்டுவிட்டேன். அப்படி விட்டிருக்கக் கூடாது. அதற்குள் காலையில் இமை கருவிழியோடு ஒட்டிக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டது. சட்டென்று திறந்தால் தோல் உரிவது போல வலிக்கும்.

கண் மருத்துவர் கீழிமைக்குள் மெல்லிய காகிதப் பட்டை ஒன்றைச் செருகி, ஐந்து நிமிடம் கண்ணை மூடியிருக்கச் சொன்னார். ஷிர்மர் சோதனை என்று பெயர். நல்ல கண்ணென்றால் 10 மில்லிமீட்டருக்கு மேல் நனையுமாம். எனக்கு வலதில் 2, இடதில் 1. தங்கை கொடுத்த மஜ்ஜையிலிருந்து வந்த செல்கள் என் கண்ணீர்ச் சுரப்பியை அந்நியமாக நினைத்துத் தாக்குகின்றன, இந்த நோய்க்கு ஜிவிஎச்டி என்று பெயர் என்றார். தோலிலும் வாயிலும் வரும் என்று தெரியும், கண்ணை நான் நினைக்கவே இல்லை. தங்கையிடம் சொன்னபோது தன்னால்தான் இப்படி என்று அழுதாள். உன்னால்தான் உயிரோடு இருக்கிறேன் என்றேன். எனக்கும் தொண்டை அடைத்தது, ஆனால் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

கெடாமலிருக்கச் சேர்க்கும் பதனப்பொருள் இல்லாத செயற்கைக் கண்ணீர்ச் சொட்டை மணிக்கொரு முறை விட்டேன். கண்ணில் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் சைக்ளோஸ்போரின் சொட்டு எரியும், பலன் தெரியவும் மாதக்கணக்காகும். பொறுத்துக்கொள்ளுங்கள். ஸ்டீராய்டு சொட்டை மட்டும் நீங்களாக நீட்டிக்காதீர்கள்; கண் அழுத்தம் ஏறும், புரையும் விழும். அப்புறம் என் ரத்தத்திலிருந்தே சீரம் என்ற தெளிந்த நீரைப் பிரித்துச் சொட்டு மருந்து செய்து தந்தார்கள். குட்டிக் குட்டி பாட்டில்களில் உறைய வைத்து, ஒவ்வொன்றாக எடுத்து உருக்கிப் பயன்படுத்தினேன். கண்ணில் பட்டதும் அப்படி ஒரு இதம்.

எனக்குப் பெரிய திருப்பம் ஸ்க்லீரல் லென்ஸ். சாதாரண கான்டாக்ட் லென்ஸைவிடப் பெரியது, கருவிழியைத் தொடாமல் வெண்விழியில் உட்காரும். அதில் கிருமி நீக்கிய உப்புநீர் (சலைன்) நிரப்பி, முகத்தைத் தரையைப் பார்க்கக் குனிந்து, லென்ஸைப் பிடிக்கும் சின்ன ரப்பர் உறிஞ்சியால் மேல்நோக்கிப் பொருத்த வேண்டும். ஒரு காற்றுக்குமிழி இருந்தாலும் கழற்றித் திரும்பப் போட வேண்டும். முதல் நாள் நாற்பது நிமிடம் போராடினேன். உட்கார்ந்ததும் உறுத்தல் நின்றது. ஜன்னல் பக்கம் திரும்பினேன், வெளிச்சம் குத்தவில்லை.

இப்போது மதியவாக்கில் பார்வை மங்கும். கழற்றி, கழுவி, புது உப்புநீர் நிரப்பிப் போட்டுக்கொள்கிறேன்.